வெற்றிலைச் சிவப்பு

கண்ணாயிரத்துக்கு வெற்றிலை பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் இரண்டு வருடமாக வாய் ஓயாமல் மென்றுகொண்டிருந்தான். ஈறில் வடிகிற ரத்தம் யாருக்கும் தெரியக் கூடாதாம்! வெற்றிலை போட்டவன் சிவப்பாகத் துப்பினால் எவன் கேட்கப் போகிறான்? அடி அண்ணாமலை கிராமத்தில் டீக்கடை நடத்துகிற மனுஷனுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்தது.

எல்லாம் பயம். பத்து வயதில் பள்ளிக்கூடப் பல் முகாமில், ஊசி போட்டு ஈறு மரத்துப்போவதற்கு முன்பே ஒருத்தர் அவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து பல் டாக்டர் போர்டைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

மனைவி சரசுவா விடுகிறவள்? தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். தூக்கத்தில் எவனாவது வெற்றிலை போடுவானா? அடுத்த மாதம் மகள் சினேகாவுக்கு நிச்சயதார்த்தம் வேறு. மறுநாளே திருவண்ணாமலைக்கு, பல் டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்ததும் கண்ணாயிரம் “துப்பிட்டு வந்துடறேன்,” என்று எழுந்தான். கதவை அடைத்தாற்போல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் சரசு.

“இன்னாயா, கொழந்தையா நீ? படு.”

டாக்டர் கீர்த்தனா வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். “பல்லப் புடிச்சிருக்கற எலும்பு நெறைய கரைஞ்சிருக்குண்ணா. முன்பல் ரெண்டும் ரொம்ப ஆடுது.”

“அத மட்டும் புடுங்கிடாதீங்கம்மா! பொண்ணு நிச்சயத்துக்கு நாலு பேர் முன்னாடி நிக்கணும்.”

“இன்னிக்கு சுத்தம் மட்டும்தான். மரத்துப்போக ஊசி போடறேன். வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்.”

வாயில் குழாய், தலைக்கு மேல் விளக்கு, வாசலில் பெண்டாட்டி. பாவி மனுஷன் எங்கே ஓடுவான்? கருவி ஈறுக்கடியில் கறகறவென்று சுரண்டியது. மூன்று முறை கையைத் தூக்கினான். மூன்று முறையும் டாக்டர் நிறுத்தினாள்.

“வலிக்குதாண்ணா?”

“இல்ல... வலிக்குமோன்னு தூக்கினேன்.”

கடைசியில் பஞ்சால் ஈறைத் துடைத்தவள் சட்டென்று கையை எடுத்தாள். தட்டில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கண்ணாயிரம் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவனுடைய முன்பல்.

“புடுங்க மாட்டேன்னு சொன்னீங்களே!”

“நான் புடுங்கலண்ணா. பஞ்சு பட்டதும் தானா வந்துடுச்சி. பக்கத்துப் பல்ல எப்படியாவது காப்பாத்தப் பாக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, இதே சுத்தம்தான் பண்ணியிருப்பேன். ரெண்டுமே நின்னிருக்கும்.”

கண்ணாயிரம் எழுந்து உட்கார்ந்தான். மரத்த உதடு துடிக்க, குலுங்கிக் குலுங்கி அழுதான். சரசு பதறிப்போய் ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“ஐயோ, ரொம்ப வலிக்குதாயா?”

“வலிக்கவே இல்லடி,” என்றான் அவன். “கொஞ்சங்கூட வலிக்கல.”