ஒரே பந்தி

எங்க சபை உடைஞ்சது ஒரு தும்மல்ல. சிரிக்காதீங்க, நிஜம். சர்ச்சுல திருவிருந்துன்னு அப்பமும் திராட்சரசமும் குடுப்பாங்க, அந்த ரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வெச்சுக் குடிக்கிற வழக்கம். ஒருநாள் முன்வரிசைக்காரர் ஒருத்தர் பாத்திரத்துக்குள்ளயே தும்மிட்டார். ஆளுக்கொரு குட்டிக் கப் வேணும்னு பாதிப்பேர் கிளம்பினாங்க. ஆண்டவர் ஒரே பாத்திரத்தைத்தானே குடுத்தார்னு மீதிப்பேர். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னு, கடைசியில தெருக்கோடியில இன்னொரு சபை முளைச்சுது.

நான் குட்டிக் கப் பக்கம். அக்கா பாத்திரக் கட்சியோட அந்தப் புதுச் சபைக்குப் போயிட்டா. ரெண்டு பேருக்கும் தையல் கடை ஒண்ணுதான். நான் வெட்டித் தைப்பேன், அவ எதிர்ல உக்காந்து காஜா எடுத்து பட்டன் கட்டுவா. டீயை ஒரே டம்ளர்ல மாத்தி மாத்திக் குடிப்போம். அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் வேதம் ஞாபகம் வராது. ஞாயித்துக்கிழமை ஆனா ஆளுக்கொரு திசை.

அக்காவுக்கு ஈரல்ல கட்டி வந்துச்சு. இனி வீட்லயே வெச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் அனுப்பிட்டார். கடைக்குப் பின்னாடி அறையில கட்டிலைப் போட்டேன்.

"ரெண்டு பாஸ்டரும் சேர்ந்து வரணும். நீயும் நானும் ஒண்ணா திருவிருந்து எடுக்கணும்டி. அது எந்தக் கப்பா இருந்தா என்ன?"ன்னா.

எங்க பாஸ்டர்கிட்ட ஓடினேன். "நான் தாராளமா வர்றேம்மா. அவரோட சேர்ந்துன்னா கமிட்டியைக் கேக்கணும்"னார். வெக்கத்தை விட்டு அந்தச் சபைப் படியும் ஏறினேன். அந்த பாஸ்டர் கண் கலங்கினார், ஜெபம் பண்ணினார், குடிக்கத் தண்ணி குடுத்தார். அப்புறம் அவரும் கமிட்டின்னார். எனக்கு வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

தனித்தனியா ரெண்டு பாஸ்டரும் திருவிருந்து குடுக்க வந்தாங்க. அக்கா ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக்க வாயைத் திறக்கல. "இன்னொருத்தர் எங்க?"ன்னு மட்டும் கேட்டா. ஒருத்தர்கிட்டயாவது வாங்கிக்கோயேன்னு கெஞ்சினேன்.

"சாகப்போறவ நானே பொறுமையா இருக்கேன். உனக்கென்னடி அவசரம்?"

துணி வெட்டுற மேஜையை அவ கட்டிலோரமா இழுத்துப் போட்டு, திருவிருந்துக்குன்னு வெள்ளைத் துணி விரிச்சு வெச்சேன். கமிட்டி தள்ளிப்போச்சு, மறுபடியும் தள்ளிப்போச்சு. ஒரு மத்தியானம், நான் முன்னாடி தைச்சுக்கிட்டு இருக்கும்போதே அவ போயிட்டா. மெஷின் சத்தத்துல என்னைக் கூப்பிட்டாளான்னு கூடத் தெரியாது.

அடக்கத்தன்னிக்கு நல்ல மழை. ரெண்டு பாஸ்டரும் ஒரே குடைக்குள்ள நின்னாங்க. ஒருத்தர் வசனம் வாசிக்க, ஒருத்தர் ஜெபம் பண்ண, ரெண்டு சபையும் சேர்ந்து பாடுச்சு. அதுக்கு எந்தக் கமிட்டியும் கூடல.

முடிஞ்சதும் எங்க பாஸ்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "பாத்தீங்களாம்மா, எல்லாரும் ஒண்ணா நின்னோம். அக்காவுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

"கேட்டுச் சொல்லுங்க பாஸ்டர்"னேன்.

கையை உருவிக்கிட்டேன். நான் நனைஞ்சுக்கிட்டே கடைக்கு வந்தேன். அந்த வெள்ளைத் துணி அப்படியே கிடந்துச்சு. டீ போட்டு, பாதி குடிச்சிட்டு, பழக்கத்துல டம்ளரை எதிர்ப்பக்கம் தள்ளி வெச்சேன்.