முட்டைக்கோசும் மாமனார் வண்டியும்

சனிக்கிழமை விடிந்துவிட்டது என்பதை அந்தத் தெருவுக்குச் சேவல் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னிமலைக் கவுண்டரின் மாட்டு வண்டி, சலங்கைச் சத்தத்தோடு வந்து நின்றுவிடும். மகள் ராசாத்தாள் வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் கத்தரிக்காய், அவரைக்காய், இரண்டு பூசணி, ஒரு தூக்கு நெய், வண்டியில் இடம் வீணாகப் போகக் கூடாதே என்று நாலைந்து தேங்காய், எல்லாம் உள்ளே வந்து சேரும். கவுண்டருக்கு மனைவி இல்லை. இருப்பது இந்த ஒரே மகள். அவள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, "எளச்சுப் போயிட்டயே கண்ணு" என்று வாரம் தவறாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார்.

ராசாத்தாள் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். ஆனாலும் அந்தப் பொய்யைக் கேட்காவிட்டால் அவளுக்கு அந்த வாரம் ஓடாது.

அவள் கணவன் நஞ்சுண்டன் ஒரு மில் ஆபீசில் உத்தியோகம் பார்த்தான். பி.ஏ. படித்தவன். அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வாசலில் பலகை அடித்து மாட்டியிருந்ததால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நல்ல மனுஷன்தான். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் புது வீடாகப் பார்த்துத்தான் அவளைக் குடிவைத்தான். அவனிடம் இருந்த ஒரே குறை, யார் எது சொன்னாலும் அதைப் பற்றி யோசிப்பான்.

சொன்னது பக்கத்து வீட்டுப் பங்காரம்மா. ஒரு சனிக்கிழமை, மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ராசாத்தாள் நீட்டிய அவரைக்காயை முந்தானையில் வாங்கியபடியே சொன்னாள்: "உனக்கென்ன அம்மணி, கொடுத்து வச்சவ. ஊட்டுக்காரரு சம்பளத்தைத் தொடவே வேண்டியதில்லை. மாமனாரு வண்டியிலயே அடுப்பு எரியுது."

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த நஞ்சுண்டன் கன்னத்தை வெட்டிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை வண்டி வந்தபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். "மாமா, இனிமே நீங்க எதையும் சுமந்துட்டு வரக்கூடாதுங்க. காய்கறியெல்லாம் நம்ம புழக்கடையிலயே போடப் போறேன். நெய், தேங்காய்கூட வேண்டாம். நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. சும்மா கையை வீசிட்டு வாங்க."

இதைவிட மரியாதையாக ஒரு மாப்பிள்ளை பேச முடியாது என்பது அவன் எண்ணம். கையை வீசிக்கொண்டு மகள் வீட்டுப் படி ஏறுவதைவிட, அந்தப் பக்கத்துத் தகப்பன் ஒருவன் படியேறாமலே இருந்துவிடுவான் என்பது அவனுடைய பி.ஏ. பாடத்தில் இல்லை. அவனும் ஒரு கவுண்டர் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் ஏழு வயதிலிருந்து ஹாஸ்டல் சோறு.

"ஆகட்டுங்க மாப்பிள்ளை" என்றார் கவுண்டர். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு மகள் இளைத்துப் போனதாகச் சொல்ல மறந்துவிட்டார்.

"அப்பாவை இனி வரவேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே" என்றாள் ராசாத்தாள், வண்டி தெருமுனை திரும்பியதும்.

"வரவேண்டாம்னா? எப்ப வேணும்னாலும் வரச் சொன்னேன். உன் காதுல விழலையா?"

பாதிக் காப்பியோடு கிடந்த தம்ளரை அவள் உள்ளே எடுத்துப் போனாள். இனி அப்பா தீபாவளிக்குத்தான் வருவார், சீர் கொண்டுவர. அதற்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது.

தோட்ட வேலை ஒரு இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து தொடங்கியது. மில்லில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன புத்தகம். வசந்த காலத்தில், கடைசி உறைபனி விலகிய பிறகு விதைக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. வசந்தம் என்றால் மாசி, பங்குனி; அதில் சிக்கலில்லை. உறைபனிதான் அவனைப் படுத்தியது. கோயமுத்தூரில் உறைபனி எப்போது விலகியது என்று ஆபீசில் நாலு பேரைக் கேட்டான். வந்தது எப்போது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

பெங்களூரிலிருந்து விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. முட்டைக்கோசு, பீட்ரூட், தக்காளி. பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த முட்டைக்கோசு ராசாத்தாளின் தண்ணீர்க் குடத்தைவிடப் பெரிதாக இருந்தது. குளிரில் நாற்று வாடாமலிருக்க, முதலில் வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்கப் போட வேண்டும் என்பது புத்தகத்தின் உத்தரவு. வெளியே பங்குனி வெயில் கூரை ஓடுகளை உருக்கிக்கொண்டிருந்தது. உத்தரவு உத்தரவுதான். பிஸ்கோத்து டின், பாதியாக வெட்டிய சீமெண்ணெய் டின், அவள் ஊறுகாய்க்கு வைத்திருந்த மண்சட்டி எல்லாம் மண்ணோடு முன்னறை ஜன்னலுக்குக் குடிபோயின. வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தக்காளி உட்கார்ந்தது.

ராசாத்தாள் மாரியம்மனுக்கு இரண்டு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்று, இந்தத் தோட்டம் விளங்கக் கூடாது என்று. இன்னொன்று, அதனால் கணவன் மனசு நோகக் கூடாது என்று. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி முடித்துக் கொடுப்பது என்பது அம்மன் பாடு.

அம்மன் முதல் வேண்டுதலைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு காலையில் நஞ்சுண்டன் வீடே அதிரக் கூப்பிட்டான். "ராசாத்தா! ஓடியா!"

பாம்புதான் வந்துவிட்டது என்று கரண்டியோடு ஓடினாள். சீமெண்ணெய் டின்னில், எறும்பு தலைதூக்கியதுபோல ஒரு பச்சை.

"முட்டைக்கோசு" என்றான் அவன். கலெக்டர் உத்தியோகம் கிடைத்திருந்தால்கூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது. "பாத்தியா? ரெண்டு எல!"

அவனோடு கோபமாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்து மூன்று வாரமாகியிருந்தது. அப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவனோடு கோபித்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று பகலில் அவன் ஆபீசுக்குப் போன பிறகு, ஜன்னலில் வெயில் நேராக விழுந்தபோது, அந்த டின்களை ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். நகர்த்திவிட்டு, "எனக்கே புத்தியில்லை" என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். மறுநாளும் நகர்த்தினாள்.

வீட்டில் தின்பதற்குத்தான் எதுவும் இல்லை. நஞ்சுண்டன் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த கத்தரிக்காய் முற்றலும் சொத்தையுமாக இருந்தது. பங்காரம்மாவின் நிலைமை இன்னும் பரிதாபம்.

"ஏன் அம்மணி, உங்கப்பா வண்டியக் காணோமே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீங்கதானுங்க அத்தை, மாமனாரு வண்டியில அடுப்பு எரியுதுன்னீங்க. அதான் நிறுத்திப்போட்டாங்க."

"அட அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது! அதுக்காக அவரைக்காயை நிறுத்தறதா?" பங்காரம்மா உண்மையாகவே துக்கப்பட்டாள்.

நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நஞ்சுண்டன் புழக்கடையில் பாத்தி கட்டி நட்டான். மண்வெட்டி மூன்று தரம் கல்லில் பட்டு மழுங்கியது. அந்த வீடு நின்ற இடம் முழுக்கச் சரளை. கிணறு வெட்டிய கல்லையெல்லாம் கொட்டி நிரவிய மனை. ஒரே வாரத்தில் நாற்றெல்லாம் காமாலை வந்ததுபோல் மஞ்சளாயிற்று. புத்தகம் எரு போடச் சொன்னது.

எருவுக்கு எங்கே போவது? குழாயில் தண்ணீர் வருகிறது; எரு வருவதில்லை. குதிரைவண்டி நிற்குமிடத்துக்குக் கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் நின்றான். வண்டிக்காரர்கள் சவாரி என்று நினைத்து நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குதிரையே மிரண்டது. அன்று கோணிப்பையில் அரைப்பை குதிரைச் சாணத்தைச் சுமந்துகொண்டு சந்து சந்தாக வீடு வந்து சேர்ந்தான். அதை இரண்டு பாத்தி விழுங்கிவிட்டு, மறுநாளே பழையபடி மஞ்சளாகிக் காட்டியது.

"உங்க மாமனாரு பட்டியில எரு மலையாட்டம் குமிஞ்சு கெடக்குதுங்க" என்றாள் ராசாத்தாள், சோறு போட்டுக்கொண்டே, கண்ணை இலையைவிட்டு எடுக்காமல்.

"எதுவும் வாங்கறதில்லைன்னு சொன்னவன் எருவை மட்டும் வாங்கலாமா?"

"நான் வாங்கச் சொன்னனுங்களா? கெடக்குதுன்னேன்."

அவன் மோரைக் குடித்துவிட்டு எழுந்துபோனான்.

அந்தச் சனிக்கிழமை, இருட்டுப் பிரியும் நேரத்தில் தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. ராசாத்தாள் விழித்தாளோ இல்லையோ, வாசலுக்கு ஓடியிருந்தாள். யாரோ ஒரு பஞ்சு வண்டி. அது வீட்டைத் தாண்டிப் போய், தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பினால், செடிக்குத் தண்ணீர் விடும் செம்போடு நஞ்சுண்டன் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"பால்காரன்னு நெனச்சனுங்க" என்றாள்.

"பால்காரனா?" என்றான் அவன். செம்பிலிருந்த தண்ணீரைப் படியிலேயே ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

அன்று மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தவன் சோறுகூடத் தின்னாமல் அவிநாசி ரோட்டு பஸ்ஸைப் பிடித்தான். "எருவுக்குத்தான் போறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். எருவுக்குத்தான் என்று நாமும் வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சலங்கை கட்டிய அந்தப் பழைய ஜோடி மாடு. வண்டி நிறைய, ஆவி பறக்கும் மாட்டு எரு. எருவின் உச்சியில் ஒரு சாக்கை விரித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊர்வலம் வரும் சாமியைப் போல நஞ்சுண்டன் பி.ஏ. வீற்றிருந்தான். முன்னால் நுகத்தடிக்குப் பக்கத்தில் சென்னிமலைக் கவுண்டர்.

"மாப்பிள்ளைய முன்னால உக்காருங்கன்னு எத்தனையோ சொன்னனுங்க" என்று கவுண்டர் தெருவுக்கே விளக்கம் சொன்னார். "மாட்டுக்குப் பாரம் சமமா இருக்கோணும்னுட்டு அங்கயே ஏறிக்கிட்டாங்க."

பங்காரம்மா மூக்கை மூடிக்கொண்டே வண்டியை எட்டிப் பார்த்தாள். "காய் ஒண்ணுமில்லீங்களா?"

"மாப்பிள்ளைதான் வேண்டாம்னுட்டாங்களே. சொன்ன சொல்லை மீறலாமுங்களா?" என்றார் கவுண்டர். இடுப்பிலிருந்து ஈரத்துணி சுற்றிய சிறு கட்டு ஒன்றை எடுத்தார். "இது காயில்லீங்க. கத்தரி நாத்து."

எருவைக் கொட்டி முடித்ததும் கவுண்டர் பாத்தியில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். காப்பியோடு வந்து நின்ற மகளிடம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்த மண்ணு சுலபத்துல தேறாது கண்ணு. வாரம் ஒரு வண்டி கொட்டுனாலும், எத்தனை வருஷமாகும்னு சொல்ல முடியாது."

இவ்வளவு கெட்ட சேதியை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"மெதுவாத் தேறட்டுங்க அப்பா" என்றாள். "ஒண்ணும் அவசரமில்லை."

சித்திரை வெயிலில் முட்டைக்கோசு, பொட்டலத்துப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவே இல்லை. இலை இலையாக விரித்ததோடு சரி, தலை கட்டவில்லை. நஞ்சுண்டன் அதற்காக ஒரு பொழுதும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எருப் போதவில்லை, அவ்வளவுதான் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தான். ராசாத்தாள் கோயிலுக்குப் போய் இரண்டு மாவிளக்கையும் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை வண்டி பழையபடி வந்தது. அன்று கவுண்டர் எரு இறக்கிவிட்டுக் கைகால் கழுவி, காப்பியை முழுசாகக் குடித்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எளச்சுப் போயிட்டயே கண்ணு."

"ஆமாங்க மாமா" என்றான் நஞ்சுண்டன், இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ரொம்பத்தான் எளச்சுட்டா."