சாந்தாமணியின் இடுப்பளவு மேடை

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ‘புதிதாகக் கட்டிய வீடு வாங்குவதில் உள்ள நன்மைகள்’ என்று பொங்கல் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். குடும்பக் காதல் கதை எழுதுகிற என்னிடம் ஏன் கேட்டார்களோ! உட்கார்ந்து எழுதினேன்: கூரை ஒழுகாது. ஒயரிங் புதிது. யாரோ அடித்துவிட்டுப் போன ஆணிகளைப் பிடுங்க வேண்டியதில்லை. நான்காவது நன்மை என்னவென்றால்...

என்னவென்று யோசிப்பதற்குள் சாந்தாமணி வந்து நின்றாள், தோளைக் குறுக்கிக்கொண்டு. கட்டுரை அத்தோடு போயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘1996. சரவணம்பட்டியில் ஓர் இளங்காலைப் பொழுதில்...’ (அடித்துவிட்டேன். இளங்காலையில் யார் வீடு பார்க்கப் போகிறார்கள்?)

இரண்டாவது: சாந்தாமணி புருஷனைவிட உயரம்.

இது போதும். பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா அவளை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவிடவில்லை. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை தனபால் செங்கல்மேல் நிற்கிறான்; வேட்டி அதை மறைத்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் கூனியே நடந்தாள். கணபதிப் பகுதியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடுகளின் சமையல் மேடைகளும் அவளுக்குத் தொடையளவுதான். குனிந்து குனிந்து வெங்காயம் அரிந்ததில் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். வாய் திறந்ததில்லை. ‘எனக்கு மேடை தாழ்வாக இருக்கிறது’ என்றால், ‘நீங்கள் குட்டை’ என்று புருஷனிடம் சொன்னதாகிவிடாதா?

3

சரவணம்பட்டியில் அவர்கள் பார்க்கப் போன புது வீட்டைக் கட்டி விற்றவர் ஜபருல்லா. “எல்லாம் முடிஞ்சுதுங்க. சமையல் மேடை மட்டும் விட்டு வெச்சிருக்கறேன். வாங்கறவங்க சொல்ற உசரத்துக்குப் போட்டுக் குடுத்துருவேன்” என்றார்.

வாசலைத் தாண்டும்போது சாந்தாமணி பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். நிலைக்கும் தலைக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது.

வீடு எல்லாருக்கும் பிடித்துப்போய், பேசி முடித்து, மேடைக்கு அளவெடுக்கும் நாள் வந்தது.

“மொதப் பால் காய்ச்சறது ஆருங்க?” என்று கேட்டார் கொத்தனார் சுப்பண்ணன்.

குடி புகும் அன்று பால் காய்ச்சுவது வீட்டில் மூத்தவள். சுப்பண்ணன் எப்போதும் அவள் இடுப்பைத்தான் மேடைக்கு அளவாக வைப்பார். தனபாலின் அம்மா ராசம்மாளைச் சுவரோரம் நிறுத்திச் சாக்பீஸால் கோடு இழுத்தார். ராசம்மாள் மகனைவிடவும் ஒரு சாண் குட்டை.

சாந்தாமணி அந்தக் கோட்டைப் பார்த்தாள். வாடகை வீடென்றால் மாறிக்கொள்ளலாம். இது சொந்த வீடு, நாளைக்குக் கான்கிரீட். அப்புறம் ஆயுசுக்கும் குனிய வேண்டியதுதான்.

“உங்களுக்கு வாட்டமா, தோதா இருக்குதுங்களா அம்மணி?” என்று அவளிடமும் கேட்டார் சுப்பண்ணன்.

“இருக்குதுங்க” என்றாள்.

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லக் கூடாதா இந்தப் பெண்?)

4

ராசம்மாளைக் கொடுமைக்கார மாமியாராக்கிவிட்டால் வேலை சுலபம். தனபால் வீராவேசமாகப் பேசுவான். எழுதியும் பார்த்தேன்: “அம்மா! என் மனைவியின் முதுகெலும்பு...” (தனபால் பம்பு கம்பெனி ஃபிட்டர். இப்படியெல்லாம் பேசமாட்டான்.)

அவன் செய்தது இவ்வளவுதான்: கோட்டருகே போய், வெங்காயம் அரிவதுபோலக் குனிந்து பார்த்தான்.

“ஏம்புள்ள, எனக்கே இடுப்பப் புடிக்குது. நீ எப்படி ஆக்குவ?”



“அவ எங்கிருந்து சொல்லுவா?” என்றாள் ராசம்மாள். “நீ ஏதாச்சும் நெனச்சுக்குவீன்னு கூனிக் கூனி நடக்கறா. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? சுப்பண்ணா, அந்தக் கோட்டை அழிச்சுப்போடு. நான் காய்ச்சறது ஒரு நாளைக்கு. காலத்துக்கும் ஆக்கறவ இவ. இவ இடுப்புக்கு வையி.”

“அப்பறம் பால் காய்ச்ச உங்களுக்கு வாட்டப்படாதுங்களே ஆத்தா?”

“கல்யாணத்துல இவன் செங்கல்லு மேல நிக்கலையா? எனக்கும் ஒண்ணு எடுத்துப் போடு.”

முதலில் சிரித்தது தனபால்தான். சாந்தாமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெய்யான சிரிப்புதான் என்று உறுதியான பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் மட்டும் ஏனோ நிறைந்துவிட்டது.

சுப்பண்ணன் அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். “நிமுந்து நில்லுங்க அம்மணி. குனிஞ்சா அளவு தப்பிப் போயிரும்.”

5

முடிவு. குடி புகுந்த அன்று ராசம்மாள் செங்கல்மேல் ஏறிப் பால் காய்ச்சினாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏறியவள் இறங்கி, “நீயே காய்ச்சு அம்மணி” என்று ஒதுங்கிக்கொண்டாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். எப்படியும் பால் பொங்கிவிடும்.

எனக்குக் கவலை அதற்கப்புறம்தான். பால் காய்ச்சுவதைப் படம் பிடிக்க வந்து, புருஷன் பெண்டாட்டியையும் சேர்த்து நிறுத்திய போட்டோக்காரர், “செங்கல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“அது எங்க ஆத்தாளுக்குங்க. நீங்க எடுங்க” என்றான் தனபால், வெறுந்தரையில் நின்றபடி.

போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அந்த நொடியில் சாந்தாமணி தோளைக் குறுக்கினாளா, இல்லையா? நான் எழுதப்போவதில்லை; நீங்களே சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உள்ளே மேடை அவள் இடுப்புக்கு நிற்கிறது. கான்கிரீட் காய்ந்துவிட்டது.