லூசு விட்ட வயர்

1982 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போடிமெட்டு மலை தரைமட்டத்துக்கு இறங்கியது. ஏலக்காய் விலையும் அன்று இறங்கியிருந்ததால் கடைவீதியில் இரண்டையும் சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

காரணம் ஜேசுதாசின் சைக்கிள். அவர் போடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மனைவி லில்லி மலைமேல் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நிறைமாசம். லீவு கிடைத்து இறங்குவதற்குள் மழையில் பாதை சரிந்து, பஸ்சும் ஜீப்பும் நின்றுபோயின. மேலே ஆஸ்பத்திரி கிடையாது. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் விட்டுப்போன கியர் சைக்கிள், வயர் அறுந்து கடையில் கிடந்தது. லில்லியைக் கூட்டிவர ஜேசுதாஸ் அதைத் துடைத்து நிறுத்தி, புது வயர் எடுத்தார்.

பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரங்கள். பெரியது சமதளத்துக்கு, சிறியது ஏற்றத்துக்கு. சங்கிலியை மாற்றிவிட ஒரு சின்னக் கவை. அதை வெளியே இழுப்பது வயர், உள்ளே திருப்புவது ஸ்பிரிங். வயர் சாய்ந்த குழாயில் இருக்கும் லீவரிலிருந்து குழாயை ஒட்டி இறங்கி, பெடல் அச்சுக்கு அடியில் வளைந்து மேலேறி, கவையில் ஒரு போல்டில் முடியவேண்டும். வயருக்குத் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டுமே தெரியும். இரும்புக் கம்பி பிரேக்குகளிலேயே பழகிய ஜேசுதாசுக்கு இது புதுசு. அந்த மேனேஜருக்கு ஜீப்பு ஓட்டிய காசிமாயனிடம் கேட்டார்.

“ஏத்தத்துக்கு லூசு விடணும்ணே. டைட்டு வச்சீக, முட்டி கழண்டுரும்.”

காசிமாயன் சொன்னது லீவரை. ஜேசுதாஸ் லூசு விட்டது போல்டை.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வயர் போல்டிலிருந்து நழுவி, நுனி ரோட்டைத் தொட்டது. அது தெரியாமல் லீவரை இழுத்தார். இழுக்க மட்டுமே தெரிந்த வயர், கவை கிடைக்காததால் மலையை இழுத்தது. கொண்டை ஊசி வளைவுகள் கோலம்போலத் தரையில் படிந்தன. மேகம் சக்கரத்தின் ஆரங்களில் சுற்றிக்கொண்டது. ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றது. ஜேசுதாஸ் இழுத்த லீவரை விடாமல், வாயைத் திறந்தபடியே மிதித்தார்.

எஸ்டேட்டில் லில்லி வலியோடு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“மலை எங்கங்க?”

“நமக்குக் கீழதான் இருக்கு. ஆடாம உக்காரு.”

“லீவரை விட்டா?”

“எந்திரிச்சிரும்.”

“அப்ப விட்றாதீக!”

ஒரு கையால் ஓட்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துசேர்ந்தார். நர்சுகள் லில்லியை உள்ளே கொண்டுபோனார்கள். கையை விடலாமென்று பார்த்தால், எஸ்டேட் ஆட்கள் பின்னாலேயே நடந்து போடிக்கு வந்திருந்தார்கள். “சாமானம் வாங்கிட்டு வெரசா வந்துர்றோம், பிடிச்சிருங்கண்ணே” என்றார்கள். அவர்கள் வாங்கித் திரும்பி வீடு சேரும்வரை குனிந்தபடியே நின்றார். உள்ளே பெண்குழந்தை அழுதது. பிறகு லீவரை மெல்ல விட்டார். மலை ஒரு பாறைகூட உருளாமல் எழுந்தது.

அதற்கப்புறம் மழையில் பஸ்சு நின்றால் மேலிருந்து ஆட்கள் கத்துவார்கள், “ஜேசண்ணே, செத்த பிடிங்க!”

விஷயம் தெரிந்து காசிமாயன் ஒருநாள் ஸ்பேனரோடு வந்தான். சைக்கிளைக் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “தப்பா மாட்டியிருக்கீகளேண்ணே, டைட்டு வைக்கட்டா?”

இடுப்பில் குழந்தையோடு நின்ற லில்லி ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும். காப்பி குடிச்சிட்டுப் போங்க.”