நெஞ்சுக்குப் போன ரத்தம்

ஐஸ் கம்பெனிக் கிடங்கிலிருந்து காத்தவராயனை நான்கு பேர் தூக்கிவந்து வாசலில் கிடத்தியபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய பிறகு வந்த மூன்றாவது கத்திரி. வெறுங்காலை ரோட்டில் வைத்தால் கொப்பளித்துவிடும். அப்பேர்ப்பட்ட வெயிலில் ஒரு மனுஷன் குளிரில் விறைத்துக் கிடக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்துக் கொட்டகையில் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கன்னியம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். கூடையின் அடியில் கிடக்கும் வஞ்சிரத்தை எத்தனையோ தரம் தொட்டிருக்கிறாள். அதே சில்லிப்பு.

நடந்தது இவ்வளவுதான். மில் வேலை போனபிறகு அவனுக்குக் கிடைத்தது இந்தக் கிடங்கு. உமி அடைத்த சுவருக்குள் ஐஸ் பாளங்களை அடுக்கவேண்டும். உள்ளே நுழையுமுன் எல்லாரும் ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கம். குளிர் தெரியாதாம். தெரியாதுதான், வந்த வினையே அதுதான். இன்று காலை காத்தவராயன் இரண்டு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, பாளங்களுக்குப் பின்னால் சற்று உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனான். வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்துக் கூட்டாளிகள் கதவைச் சாத்திவிட்டார்கள். மதியம் லாரி வந்து கதவைத் திறந்த பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள்.

டாக்டரை அழைத்துவர ஒருவன் சைக்கிளில் பறந்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தேய்க்க உட்கார்ந்தார்கள். கூட்டாளி அம்மாவாசை அரை பாட்டில் சாராயத்தோடு வந்தான். அப்போது "தேய்க்காதீங்கடா!" என்று ஒரு குரல் வந்தது. வாசலில் காவல் இருக்கும் இராமதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, இரண்டு கால்விரலைப் பனியில் தொலைத்துவிட்டு, பென்ஷனோடு திரும்பியவர். அவருடைய பனிக்கதையை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

"யோவ் சொல்தா, உன் கதைய அப்பறம் வெச்சிக்க. ஆளு போயிட்டிருக்கான்" என்றான் அம்மாவாசை.

இராமதாஸ் அவனை விட்டுவிட்டுக் கன்னியம்மாளைப் பார்த்தார். "தங்கச்சி, பனியிலேர்ந்து எடுத்த ஒருத்தன நாங்களும் இப்படித்தான் தேய்ச்சோம். ரம்மு ஊத்துனோம். கண்ணத் தொறந்து சிரிச்சான். அதோட நெஞ்சு நின்னுபோச்சு. குளுருல ரத்தம் கை கால விட்டுட்டு நெஞ்சாண்ட போயி குந்திக்கும். இப்ப கை கால சூடு பண்ணா, அதுல மிச்சம் கெடக்கிற சில்லு ரத்தம் ஓடிப்போயி நெஞ்சத் தாக்கும். மொதல்ல நெஞ்சுக்குத்தான் சூடு."

கன்னியம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். ஐஸ் வேலைக்கு வந்த முதல் மாதம் இந்தக் கைகள் வெளுத்துச் செத்துப்போகும். சாயங்காலம் ரத்தம் திரும்பும்போது உயிர் போகிற வலி. அவள் அழுவாள், காத்தவராயன் சிரிப்பான். சில மாதம் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. ஐஸ் தண்ணீருக்குள்ளேயே, விரல் மரத்துப் பத்து நிமிஷம் ஆனதும், சூடு தானாக வரும். கொஞ்ச நேரம் இருக்கும், போகும், மறுபடி வரும். உள்ளேயிருந்து யாரோ ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்தச் சூடு வரும் நேரத்தில் கையில் மீன் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால் கிண்டல் பண்ணுவார்கள்.

குளிரில் ரத்தம் கையை விட்டு உள்ளே போவதும் திரும்புவதும் அவளுக்குத் தெரியும்; சொல்தா சொல்வது உண்மை என்று அவள் கை சொன்னது. ஆனால் இவன் செத்துவிட்டால், வைத்தியம் பண்ண வந்தவர்களைத் தடுத்துப் புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொல்லும். ஆயுசுக்கும் சொல்லும்.

"ஊத்தாத" என்று பாட்டிலைத் தள்ளினாள். "கைய எடுங்க எல்லாரும். ஆட்டாம நெழலுக்குத் தூக்குங்க."

அவனுடைய ஈரச்சட்டையைக் கழற்றினாள். பக்கத்தில் படுத்து, அவன் நெஞ்சைத் தன் நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் சுற்றிக்கொண்டாள். இராமதாஸ் மேலே கோணிகளைப் போர்த்தினார். பத்து ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நடுரோட்டுலயா?" என்று எவனோ முனகினான். கல்யாணமான பத்து வருஷத்தில் பகலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகூட அவள் பேசியதில்லை.

காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு. அடுத்தது வருவதற்குள் ஒரு யுகம் போயிற்று. அந்த இடைவெளியில் அவள் எங்கெங்கோ போய்வந்தாள். கனகசெட்டிக்குளத்தில் அம்மா வீட்டு வாசலில் வலை காய்ந்தது. வெளுத்த கடலில் ஒரு கட்டுமரம் நகராமல் நின்றது. அதன்மேல் காத்தவராயன் குந்தியிருந்தான், இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஒரு துடிப்பு. அவனுடைய குளிர் அவளுக்குள் ஏறி, அந்தக் கத்திரி வெயிலில் அவள் பல் கிட்டித்தது. ஏறட்டும் என்று இறுக்கிக்கொண்டாள். எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

துடிப்புகள் கொஞ்சம் கிட்டக்கிட்ட வந்தன. அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

"டாக்டரு வண்டி வருது" என்றார் இராமதாஸ். அவள் திரும்பவில்லை. கோணிக்கு வெளியே நீட்டிக் கிடந்த அவன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேகவைத்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் அங்கே திரும்பி வந்தால் எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வலிக்கட்டும். 'அய்யோ, எரியுதுடி' என்று இவன் ஊரைக் கூட்டட்டும். சிரிக்காமல் கேட்பேன் என்று நினைத்தாள்.

ஆட்காட்டி விரலின் நகத்தடியில் குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது. சற்று நின்று, மறைந்தது. மறுபடி வரும் என்று கன்னியம்மாள் அதே இடத்தைப் பார்த்தபடி இருந்தாள்.