சூடாகாத இலக்கு

காலை ஏழரைக்கு டாங்கியின் வயிற்றுக்குள்ளிருந்து கெங் கரி அப்பிய முகத்தோடு தலையை நீட்டினான். எஞ்சின் இல்லாத பழைய கூடு அது. எங்கள் ஏவுகணை அடிப்பதற்கென்றே கோபிப் பாலையில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஏவுகணை சூட்டைப் பார்த்துத்தான் பாயும். அதனால் எஞ்சின் இருந்த இடத்தில் நிலக்கரி அடுப்பு மூட்டி மூன்று மணி நேரம் காய்ச்ச வேண்டும். மூட்டுவது கெங்கின் வேலை.

"அக்கா, ராத்திரி அடிச்ச காத்துல அடுப்பு பூரா மணல். இப்பத்தான் பத்த வச்சேன். பத்தரைக்கு முன்னால ஒண்ணும் ஆகாது."

"பெரியவரு எட்டரைக்கே சுடச் சொல்றாரு."

"சுடட்டுமே! போன தடவ மாதிரி பாறையப் போய்க் கொஞ்சட்டும். நீங்க வாயத் தொறக்காதீங்க."

போன தடவை என்றால் ஒன்பது வருடத்துக்கு முன்னால். இன்றைக்குப் போலவே அன்றைக்கும் பெய்ஜிங்கிலிருந்து விருந்தாளிகள். அடுப்பு காயும்வரை இதே பெரியவருக்கு, தலைமை வடிவமைப்பாளர் லுவான் தெசியாங்குக்கு, பொறுமை இல்லை. ஏவுகணை குளிர்ந்த டாங்கியை விட்டுவிட்டு, பின்னால் வெயில் பட்டுச் சூடேறிக் கிடந்த பாறையில் போய் மோதியது. எங்கள் இடத்தில் எது தவறினாலும், தள்ளிப்போனாலும், ஒருவர் காரணத்தைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, மைதான ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். மூன்று நாள் கூட்டம் நடந்தது. நான்காம் நாள், ஏவுகணை சூட்டைப் பார்க்கும் கண்ணாடியில் என் விரல் ரேகை இருந்ததாக லுவான் கண்டுபிடித்தார்.

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகாது. திட்டம் பொழைக்கணும்ல, சூச்சின்?"

எழுதினேன். படித்தேன். திட்டம் பிழைத்தது. நான் ஆறு வருடம் கிடங்கில் திருகாணி பொறுக்கினேன். எங்கள் ஊர் லான்ஜோவிலிருந்து அம்மா தொலைபேசியில், "கையக் கழுவ மாட்டியாடி?" என்று கேட்டாள். அதிலிருந்து பேனா பிடிக்கக்கூட வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறேன். ஏவுகணை தன் இலக்கைத் தானே அடையாளம் காணும் கணக்கு யாருக்கும் கைகூடாமல் போனபோதுதான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த மனிதன் நாசமாய்ப் போகவேண்டும் என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனால் ஏவுகணை இப்போது என்னுடையதாகிவிட்டது. அது குறி தவறினால் என் மூன்று வருட உழைப்பும் சேர்ந்தே பாழ். ஏவுகணை தவறக் கூடாது, அவர் மட்டும் விழ வேண்டும்.

எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் சுட அனுமதிக்கும் தாளை லுவான் முன்னால் வைத்தேன்.

"நீயே கையெழுத்தப் போட்டுடு," என்றார், தேநீர்க் குவளையை மூடியபடி.

"நேரம் சொன்னவங்கதான் போடணும் ஐயா. தள்ளி வைக்கிறதா இருந்தா காரணம் எழுதணும்."

சூடானதை வெள்ளையாகக் காட்டும் திரையைப் பார்த்தார். டாங்கி மணலோடு மணலாகக் கரைந்திருந்தது. பின்னாலிருந்த பாறை பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. சுட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தள்ளி வைத்தால் எதை எழுத வேண்டியிருக்கும் என்றும் தெரியும்: ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் விரலுக்குப் பின்னால் மறைத்த அதே காரணத்தை. ஓய்வுக்கு இரண்டே மாதம். அந்தக் குளிரிலும் அவர் மூக்கின் மேல் வியர்த்தது. என் காதருகே குனிந்தார்.

"சூச்சின், கண்ணாடியில கறைன்னு சொல்லிடேன். தொடைக்கிற சாக்குல ரெண்டு மணி நேரம் ஓட்டிடலாம். ஒனக்குத்தான் பழக்கமாச்சே."

பழக்கமாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கி, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "கறை எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க ஐயா."

பதினோரு தலைகள் திரும்பின. அதில் நான்கு பேர் ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் அங்கே இருந்தவர்கள். லுவான் வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். பிறகு ஒலிவாங்கியை இழுத்துப் படித்தார்.

"இலக்கு சூடாகவில்லை. சூடாகாத இலக்கை ஏவுகணையால் பார்க்க முடியாது."

"காத்தடிக்குது ஐயா. வெளிய கேக்கல. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை படித்தார். மூன்றாவது தடவையும் படிக்க வைத்திருப்பேன். அந்த நான்கு பேரில் ஒருவர் போதும் என்பதுபோல் என் தோளைத் தொட்டார்.

வெளியே வந்து டாங்கிவரை நடந்தேன். கெங் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தடவயும் கேட்டேன் அக்கா. இப்ப நிம்மதிதானே?"

உறைகளைக் கழற்றிப் பையில் செருகிவிட்டு, வெறுங்கையை இரும்பின் மேல் வைத்தேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"இன்னும் கரி போடு," என்றேன்.