பேக்கிங் பிரிவின் பாட்டில்கள்

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். முகத்தில் இருப்பதைச் சொல்லவில்லை, அடுத்தவர் விஷயத்தில் நுழைப்பதற்கென்று வைத்திருக்கிறேனே, அந்த மூக்கைச் சொல்கிறேன். யாருக்கு என்ன, எதனால் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்த அன்று அக்கா சொன்னாள்: "உனக்கு ஏத்த வேலைதான்டி. ஊர்ல இருக்கிறவங்க மூத்திரத்தையெல்லாம் உட்கார்ந்து நோண்டலாம்."

எங்கள் கூடத்துக்கு நேர் எதிரே குழந்தைத் துணி தைக்கும் ஆலை. இந்த இடம் முழுக்கப் பொட்டலாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது மேம்பாலம், அடுக்குமாடி, தடுக்கி விழுந்தால் ஒரு மருந்துக்கடை. இளவட்டங்களில் பாதிப்பேர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சிலர் அதற்கும் கும்பிடு போட்டுவிட்டார்கள். அதனால் ஆலையில் பிஞ்சுக் குழந்தைகளுக்குச் சட்டை தைப்பதும் மடித்து அடுக்குவதும் எல்லாம் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள். ஊருக்குள் குழந்தைகள் குறையக் குறைய, ஆலைக்குள் ஏற்றுமதிக்கான குழந்தைச் சட்டை மலைமலையாகக் குவிகிறது. எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆலை மேலாளருக்கு வராது, ஏனென்றால் ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறவர் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். சர்க்கரை நோய். அதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை என்று ஆலையில் சட்டம் போட்டார்கள். சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் ரத்தப் பரிசோதனை. அதிலும் தெரிந்தால், "வீட்டுல நல்லா ஓய்வெடுங்கம்மா" என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிடுவார்கள். அந்தக் குட்டிப் பாட்டிலைக் கண்டாலே பெண்களுக்குப் பயம்.

என் அக்காவும் அங்கேதான், பேக்கிங் பிரிவில். அவளுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பதும் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் நான்தான். போன வருஷம் அவள் பாட்டில் சுத்தமாக வந்தபோது, மாத்திரை வேலை செய்கிறது என்று நானே மார்தட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் அன்று காலை பேக்கிங் பிரிவின் பாட்டில்கள் தட்டில் வந்து இறங்கின. முப்பது சொச்சம். பார்த்ததுமே என் மூக்கு விழித்துக்கொண்டது. மனிதருக்கு மனிதர் சிறுநீரின் நிறம் மாறும். ஒருத்தி தேநீர் அதிகம் குடித்திருப்பாள், ஒருத்தி தண்ணீரே குடித்திருக்க மாட்டாள். இவை எல்லாம் ஒரே மாதிரி, குழாய்த் தண்ணீர் போல வெளிறியிருந்தன. சரி, எல்லோரும் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அடர்த்தி பார்க்கும் மிதவையைப் போட்டேன். தண்ணீர் மாதிரி இருப்பதில் அது உள்ளே இறங்க வேண்டும். இறங்காமல் மேலே நின்றது. பார்வைக்குத் தண்ணீர், ஆனால் உள்ளே ஏதோ கரைந்து கனத்துக் கிடக்கிறது.

நிறம் மாறும் பட்டையை நனைத்தேன். சர்க்கரைக் கட்டம் கரும்பழுப்பு. பக்கத்தில் இருந்த கீட்டோன் கட்டம், உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரித்தால் நிறம் மாறுவது, அடர் ஊதா. அடுத்த பாட்டில், அப்படியே. அதற்கடுத்தது, அப்படியே. அக்காவின் பாட்டிலும் அப்படியே. நேற்று ராத்திரி நான் விரலைக் குத்திப் பார்த்தபோது அவளுக்கு இவ்வளவு மோசமில்லை.

கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு செக்‌ஷன் முழுக்க ஒரே நாள்ல சர்க்கரை வருமா? பட்டை கெட்டுப் போயிருக்கும். வேற டப்பா எடு."

வேறு டப்பா எடுத்தேன். சந்தேகத்துக்கு என்னுடையதையும் பார்த்தேன். என்னுடையது சுத்தம், அவர்களுடையது அதே பழுப்பு, அதே ஊதா. டாக்டரம்மா அந்த ஊதாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத்தனையும் ஒரே ஆளோடது. எல்லாரும் யார்கிட்டயோ வாங்கி ஊத்திக்கிட்டு வந்திருக்காங்க."

"எனக்கும் அதேதான் தோணுது மேடம்."

"அவங்க திருட்டுத்தனத்தை அப்புறம் பார்ப்போம். இந்த ஆளுக்கு உடம்புல இன்சுலின் சுத்தமா இல்ல. இன்னிக்கே ஆஸ்பத்திரியில இருக்கணும். விட்டா எங்கயாவது சுருண்டு விழுவாங்க, அப்படியே போயிடவும் வாய்ப்பிருக்கு. யாருன்னு கண்டுபிடி. அதுவரைக்கும் ரிப்போர்ட் போக வேண்டாம்."

எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, ஒளிப்பானேன், குறுகுறுப்பாகவும் இருந்தது. யாராக இருக்கும்? இத்தனை பெண்கள் நம்பிக் கேட்கிற அளவுக்கு அப்படி யார்? மேலாளரா? அவர் படியேறினாலே மூச்சு வாங்கும், அவரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். கேன்டீன்காரியா? காவலாளியா? மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தபடியே சாலையைக் கடந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா வாசல் கேட்டுக்கு வந்தாள்.

"என்னடி, எங்க செக்‌ஷன் ரிசல்ட் எல்லாம் நல்லா வந்துருக்கா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துருக்குக்கா."

"அப்பாடா!"

"யாரோடதுக்கா அது?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. பிறகு வாய் மட்டும் பேசியது. "என்ன உளர்ற? அவங்கவங்களோடதுதான்."

"அக்கா, என்கிட்டயேவா? அந்த ஆளுக்குச் சர்க்கரை உச்சத்துல இருக்கு. உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அவள் நம்பவில்லை. சிரிப்புக்கூட வந்துவிட்டது அவளுக்கு. "அவனுக்கா? போடி! ஒரு பிடி சதை கிடையாது அவன் உடம்புல. சர்க்கரையெல்லாம் என்னை மாதிரி உடம்பு வச்சவங்களுக்கு வர்றது. அதுக்காகத்தானே இருக்கிறதுலயே ஒல்லியா, சின்ன வயசா பார்த்துப் பிடிச்சோம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன வருஷமும் அவன்தானா?"

"ஆமா. போன வருஷம் ரெண்டு நாள் கெஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா வாங்கினோம். இந்தத் தடவை கேட்ட உடனே ஒரு கேன் நிறையக் குடுத்துட்டான். இப்பல்லாம் அவ்வளவு தண்ணி குடிக்கிறான்டி. நாள் முழுக்கக் குடிக்கிறான், நாள் முழுக்கப் போறான். உள்ள ஒரு அழுக்கு தங்குமா சொல்லு? அதனாலதான் இன்னும் தைரியமா வாங்கினோம்."

"இன்னும் மெலிஞ்சிருக்கானா?"

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டான். எங்களுக்கெல்லாம் பொறாமைதான்."

தாகம், ஓயாத சிறுநீர், இளைப்பு. மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு, முப்பது பேர் சேர்ந்து அதை ஆரோக்கியம் என்று நம்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? என் அக்காமேல் எப்படிக் கோபப்படுவேன்?

"அக்கா, நீ சொன்னது மூணுமே அந்த நோயோட அறிகுறி. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். சின்னப் பிள்ளைங்களுக்கே வருது. யாருன்னு சொல்லு."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? எல்லாரும் மறுபடி பாட்டில் குடுக்கணும். என்னோடது என்ன காட்டும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? உங்க மாமாவுக்கு இடுப்பு போனதுல இருந்து என் ஒருத்தி சம்பளத்துல ஓடுது வீடு. எனக்கு மட்டுமா? உள்ள பாதிப்பேருக்கு இதே கதைதான்."

"தெரியும்க்கா." அவள் வேலை போவதற்கு நானே வழி செய்ய வந்திருக்கிறேன். வராமலும் இருக்க முடியவில்லை.

கம்பியை விடாமல் அவளே கேட்டாள். "நிஜமாவே ஆபத்தா?"

"எந்த நேரமும் மயக்கம் வரலாம். நடந்து போகும்போதே விழுந்துடுவான்."

"நடந்து போகும்போதா?" அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அவன் எங்கடி நடக்கிறான்? சாயந்தரம் எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போறவன்டி அவன்."

ஈர்க்குச்சி. ஆலை வேன் ஓட்டுநரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம்வரை மதிலோரம் வண்டியை நிறுத்தி உள்ளேயே படுத்திருப்பான். நான் தினமும் ஜன்னல் வழியே பார்க்கிற ஆள். என் மனசுக்குள் நிறுத்திய வரிசையில் அவனை நிறுத்தவே இல்லை.

வேன் கதவைத் திறந்ததும் அதிகம் பழுத்த பழத்தின் வாசனை அடித்தது. உள்ளே பழம் எதுவும் இல்லை, அது அவன் மூச்சு. ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்திருந்தான். மடியில் தண்ணீர் கேன், உதடு வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரமப்பட்டு நிமிர்ந்து சிரித்தான்.

"என்னக்கா, பத்தலையா? இன்னும் வேணுமா?"

அக்கா வண்டிச் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "காரை எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள அவன் பேர்ல ஒரு சாம்பிள் எடுத்து வை, ஆஸ்பத்திரியில கேட்பாங்க" என்றார்.

அதற்குள் பேக்கிங் பெண்கள் கூடிவிட்டார்கள். விஷயம் காதுக்குக் காது ஓடியது. அக்காவோடு ஒரே மேஜையில் மடிக்கிற ஒருத்தி, ஆளும் கனம், குரலும் கனம், என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உன் மூக்கை உன் லேபோட வச்சுக்கக் கூடாதா? எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியே!"

அவள் சொன்னதில் பொய் இல்லை.

"அவளை எதுக்குத் திட்டுற?" என்றாள் அக்கா. "நான்தான் கூட்டிட்டு வந்தேன். எனக்கு ஒரு காலி பாட்டில் குடுடி. என்னோடதை நானே குடுக்கிறேன், என்ன வருதோ வரட்டும்." கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

ஈர்க்குச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விடலைக்கா. சத்தியமா" என்றான்.

"தெரியும் தம்பி."

நான் கோட்டுப் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினேன். பழக்க தோஷம், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். "இது யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா?" சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தான். "எனக்கெல்லாம் டெஸ்ட் கிடையாதும்மா. நான் கம்பெனி ஆள் இல்ல, வண்டி கான்ட்ராக்ட். அவங்க லிஸ்ட்ல என் பேரே இருக்காது."

என்னைத் திட்டிய பெண்தான் முதலில் அசைந்தாள். என் கையிலிருந்த பாட்டிலையும் பையிலிருந்த பேனாவையும் வெடுக்கென்று பிடுங்கினாள். மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் அந்த வண்டியில் ஏறி இறங்கியவர்கள், அவனிடம் இருந்ததையெல்லாம் கேட்டு வாங்கியவர்கள்.

கடைசியில் அவளே கேட்டாள்.

"உன் பேரு என்ன தம்பி?"